நீலம் போதவில்லை

"உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா மேடம்?"

செண்பகவல்லி இதைக் கேட்டது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். கேட்பதற்கான தைரியத்தைச் சேர்க்கவே மூன்று மாதம் ஆகியிருந்தது.

கேட்கப்பட்டவர் மந்தாகினி. ஆறு மொழிகளில் நாடு முழுவதும் விற்கும் ஃபேஷன் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். பத்திரிகையின் பெயர் நமக்கு எதற்கு? இந்த வருஷம் துப்பட்டாவுக்கு எந்த நிறம் என்று அவர் சென்னையில் முடிவு செய்தால், ஜெய்ப்பூரில் சாயத்தொட்டியை மாற்றுவார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

மந்தாகினி நாற்காலியைச் சுழற்றி, ஜன்னல் பக்கம் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. கையில இருக்கற படம் எப்படி?"

முதுகைப் பார்த்து என்ன சொல்வது? வல்லி படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்தாள்.

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், முகம் கொடுத்தே பேசவில்லை என்றாள். மதியச் சாப்பாட்டுக்குள் அது, இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டார் என்பதாக மாடி முழுவதும் பரவியிருந்தது.

அந்த அலுவலகத்தில் பயத்துக்கு வருகைப் பதிவு கிடையாது. காலையில் முதல் ஆளாக வந்து, சாயங்காலம் கடைசி ஆளாகப் போகும்.

இதழ் அச்சுக்குப் போகும் முன், எல்லாப் பக்கங்களையும் சிறிதாக அச்சடித்து, ஒரு நீளச் சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். மந்தாகினி காபிக் கோப்பையோடு ஒருமுறை நடப்பார். பிடிக்காத பக்கத்தைப் பிய்த்துக் கீழே போடுவார். காரணம் சொல்லமாட்டார்.

அப்போது சுற்றி நிற்கும் நாற்பது பேரும் சுவரைப் பார்க்கமாட்டார்கள். அவர் புருவத்தைத்தான் பார்ப்பார்கள்.

வல்லிக்கு முன்னால் கலை ஆசிரியராக இருந்தவர் பிரபாகர். ஒருநாள் அவர், "இந்த அட்டை சரியில்லை" என்று மந்தாகினியிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டாராம். மாலைக்குள் அவர் மேஜை காலியாம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோல.

வல்லி அதை அப்படியே நம்பினாள். நம்ப அவளுக்குக் காரணம் இருந்தது. வயது ஐம்பத்துமூன்று. மந்தாகினியைவிட நான்கு வயது மூத்தவள். முன்பு வேலை பார்த்த பத்திரிகையை மூடிவிட, பதினொரு மாதம் வீட்டில் இருந்தவள். அந்தப் பதினொரு மாதத்தில், தொலைபேசி அடிக்காத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வேலையும் போனால் இன்னொன்று கிடையாது. அதனால் வாயைக் கட்டிக்கொண்டாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு தை மாதம், அட்டைப்படத்தின் ப்ரூஃபைப் பார்த்த மந்தாகினி, "நீலம் போதலை" என்றார்.

மஞ்சள் பட்டு உடுத்திய பெண்ணின் படம் அது. மாநிறம். வல்லியின் கண்ணுக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அச்சகத்துக்குப் போய், நிறம் திருத்தும் ரவூஃபிடம் நீலத்தை ஏற்றச் சொன்னாள். ஏற்றினார். மந்தாகினி மறுபடியும் போதவில்லை என்றார். மறுபடியும் ஏற்றினார்கள்.

மூன்றாவது தடவை ரவூஃப் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, இதுக்கு மேல ஏத்தினா மய்யித்து முகம் மாதிரி ஆயிடும். நீங்களே பாருங்க. நல்லா இருக்கற பொண்ணு."

வல்லி பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. குளத்திலிருந்து தூக்கிக் கரையில் கிடத்தியவளின் முகம்.

"அவங்க கேட்டதைச் செய்ங்க ரவூஃப். நமக்கு எதுக்கு?"

இதழ் வெளிவந்த அன்று வல்லி, ஊர் சிரிக்கும், பழி தன் தலையில் விழும் என்று காத்திருந்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. மந்தாகினி புதிதாக என்னவோ செய்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். போட்டிப் பத்திரிகை அடுத்த மாதமே தன் அட்டையிலும் நீலத்தைக் கொட்டியது. தியாகராய நகரில் ஒரு துணிக்கடை, பொம்மைகளின் முகத்துக்கு நீல விளக்கே போட்டுவிட்டது. பெரிய இடத்துப் பைத்தியத்துக்குப் பெயர் பாணி என்று ரவூஃப் மட்டும் முணுமுணுத்தார்.

வல்லிக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. இத்தனை பேருக்கு அழகாகத் தெரிவது தனக்கு மட்டும் பிணமாகத் தெரிந்தால், கோளாறு தன் கண்ணில்தானே?

பிப்ரவரியில், யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவமனைக்குப் போனாள். நிற வில்லைகளைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். ஊதாவில் தொடங்கிப் பச்சை வரை அடுக்கினாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு கண்ணா என்று அங்கிருந்த பெண் வியந்தாள்.

வல்லி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, மருத்துவமனை வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் ஏற மறந்து நின்றாள்.

தன் கண் சரியென்றால், சரியில்லாத கண் யாருடையது?

விடை உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள, வீடு போய்ச் சேரும் தூரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மார்ச், ஏப்ரல், மே. அட்டைகள் மேலும் மேலும் நீலமாயின.

மந்தாகினியும் மாறினார். பக்கவாட்டில் நின்று வணக்கம் சொன்னவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். கோபம் என்றார்கள். ஒருநாள் காபிக் கோப்பையை மேஜையின் விளிம்பு தாண்டி வைத்தார். அது விழுந்து உடைந்தது. எறிந்தார் என்றார்கள். சுவரின் முன் நடக்கும்போது இடப்பக்கப் பக்கங்களில் கைவைக்காமலேயே போனார். இடப்பக்கம் ஒட்டினால் தப்பிக்கலாம் என்று பக்கங்களை வடிவமைப்பவர்கள் அங்கே இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வல்லி மட்டும் எல்லாவற்றையும் வேறு மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டு, குனிந்துகொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். என்ன சொல்வது? நிறத்தை வைத்தே நாட்டை ஆள்பவரிடம் போய், உங்களுக்கு நிறம் தெரியவில்லை என்றா?

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, மந்தாகினி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

போச்சு என்று நினைத்தாள் வல்லி. யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள். மேஜையில் இருந்த தன் பொருட்களை எந்தப் பையில் போடுவது என்றுகூட மனசு யோசித்தது.

மந்தாகினியின் முன்னால் நீலம் ஏறிய ஐந்து அட்டைகளும் பரப்பிக் கிடந்தன. ஓரத்தில் ஆறாவதின் ப்ரூஃப்.

"போன புதன்கிழமை ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் வந்த ஸ்கூட்டர் எனக்குத் தெரியலை. ஆள் விழலை. பயந்துபோய் டாக்டர்கிட்ட போனேன்."

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். வலி இருக்காதாம். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதி மிச்சம். மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். போனது வராது.

இதையெல்லாம் மந்தாகினி, அடுத்த இதழின் பொருளடக்கம் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"எனக்கு நீலம்தான் முதல்ல போயிருக்கு. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டார். இந்த அஞ்சையும் காட்டினேன். மனுஷன் ஒவ்வொண்ணா பாத்துட்டு, இந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையான்னு கேட்டார்."

வல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜனவரியிலயே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாமாம். உங்க பக்கத்துல யாருமே சொல்லலையான்னு கேட்டார். நாப்பது பேர் இருக்காங்கன்னு சொன்னேன்."

இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வல்லியின் பயம் அவளுக்கு அதைத்தான் சொன்னது. இரண்டு வருஷமாக அது சொன்னதை அவள் தட்டியதே இல்லை.

"பிப்ரவரியிலயே எனக்குத் தெரியும் மேடம்."

மந்தாகினி தலையைத் திருப்பி, தன்னிடம் மிச்சமிருக்கும் பார்வைக்குள் அவளைக் கொண்டுவந்தார்.

"என் கண்ணுதான் தப்போன்னு போய்க் காட்டினேன். நல்லா இருக்குன்னாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. சொல்லப் பயமா இருந்தது. பிரபாகரை அன்னிக்கே அனுப்பிட்டீங்கன்னு..."

"பிரபாகரா? அவர் மாமனார் கடையைப் பாத்துக்க மதுரைக்குப் போனார். போகாதீங்கன்னு நான் ரெண்டு தடவை கேட்டேன்."

வல்லி நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் துரத்தினதா ஒரு பேச்சு ஓடுதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் மந்தாகினி. "நான் மறுக்கலை. அதுக்கப்புறம் ஒருத்தரும் லேட்டா வரலை."

சொல்லிவிட்டு, ஐந்து அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஓரங்கள் சேரவில்லை. மறுபடி அடுக்கினார். அப்போதும் சேரவில்லை. விட்டுவிட்டார்.

வல்லி அடிக்காகக் காத்திருந்தாள். திட்டு, வெளியே போ என்ற சொல், ஏதாவது ஒன்று. வந்தால் தாங்கிக்கொண்டு போய்விடலாம். வரவில்லையே என்பதுதான் அவளைக் கலங்கடித்தது.

வந்தது ஒரு சின்னக் குரல். அந்தக் குரலை அந்த மாடியில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனப்போ என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே வல்லி."

வல்லி அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மந்தாகினி அவளை அழவிட்டார்.

அழுகை ஓய்ந்ததும், ஆறாவது ப்ரூஃபை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகணும். எப்படி இருக்கு?"

வல்லி, பழக்க தோஷம், அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. மந்தாகினியின் கண்கள் அவள் தோளுக்கு அப்பால், திரைச்சீலையில் எங்கோ நின்றன. பதில் தெரியாமல் கேள்வி கேட்கும் ஒருவரின் முகமாக இருந்தது அது.

இரண்டு வருஷமாக இந்த அறைக் கதவைக் கண்டாலே அவளை நடுங்கவைத்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்திருந்தது. இப்போது தான் சொல்வதுதான் அச்சாகும்.

படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இல்ல மேடம்."

"எங்கே?"

வல்லி மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மந்தாகினியின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள்.

அதைக் கொண்டுபோய், படத்திலிருந்த பெண்ணின் கன்னத்தின்மேல் வைத்தாள்.