பெருக்கிய பாறை

“இதுலயும் நீங்கதான் சார்” என்றார் ஜெசிந்தா, அடுத்த படத்துக்குப் போய்க்கொண்டே.

கணினித் திரை நிறைய மாசிலாமணியின் மூக்கு. அதற்கடுத்த படத்தில் நெற்றி. நீர்நாய்க்காகக் காவிரிக் கரையில் மாட்டிய தானியங்கிக் கேமரா, தினமும் அதை எட்டிப் பார்க்கப் போனவரைத்தான் சலிக்காமல் எடுத்திருந்தது.

ஜெசிந்தா வனவிலங்கு உயிரியல் பேராசிரியர். மாசிலாமணி அவருடைய முதுகலை மாணவர், வயதில் மூத்தவர். இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்.

“நீர்நாய் அங்க இருக்குன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா ஆய்வேட்டை ஏத்துக்க மாட்டாங்க மேடம். ஒரு வருஷம் போயிடும். நீர்நாய்க்குப் பாலிசி போடவா போனீங்கன்னு வீட்ல இப்பவே கேக்குறா.”

“இதுல என்ன பண்றீங்க?”

படத்தில் மாசிலாமணி குனிந்து, விளக்குமாற்றால் பாறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“சுத்தம் பண்றேன். படம் பளிச்சுன்னு விழணுமில்ல.”

“எதைப் பெருக்குனீங்க?”

“மீன் செதிலு, நண்டு ஓடு. ஒரே கவிச்சி. மீன் பிடிக்கிறவங்க கொட்டிட்டுப் போறாங்க மேடம். கழிவு கொட்டாதீர்னு ஒரு அட்டைகூட எழுதி, பாறை மேல வச்சேன்.”

“கேட்டாங்களா?”

“எங்க? அட்டை மேலேயே கொட்டியிருந்தாங்க.”

ஜெசிந்தா மிகவும் சிரமப்பட்டுச் சிரிக்காமல் இருந்தார்.

“நீர்நாய் என்ன சார் சாப்பிடும்?”

“மீன், நண்டு.”

“சாப்பிட்டுட்டு?”

மாசிலாமணி நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

“அய்யோ. எச்சமா? தினமும் நானே கூட்டித் தள்ளினேனே!”

“அதுவும் விடாம தினமும் வந்திருக்கு. இது தன்னோட இடம்னு அது சொல்லியிருக்கு. நீங்க அழிச்சிருக்கீங்க.”

“அப்ப கேமராவுல ஏன் விழலை?”

“ஆத்துலேர்ந்து ஏறுற உடம்பு குளிர்ந்திருக்கும். கேமரா சூட்டைத்தான் பாக்கும். நீங்க நல்ல சூடா இருக்கீங்க.”

இப்போது மாசிலாமணியே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் போனார்கள். முந்தின நாள் பெருக்கிய பாறையின் நடுவில் புதிய எச்சம் ஈரத்தோடு கிடந்தது. செதில்கள் வெயிலில் மின்னின. மாசிலாமணி பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். பரிசோதனைக்காகக் கொஞ்சம் சீசாவில் எடுத்து மூடினார்.

“இது போதுமா மேடம்?”

“தாராளமா.”

மாசிலாமணி சீசாவை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இம்முறை முகம் சுளிக்கவில்லை.

“மேடம், இனிமே இதுகளைக் காப்பாத்தறதுதான் என் வேலைன்னு வச்சுக்குங்க. நாளைக்கு விடிஞ்சதும் இங்க வந்து முதல்ல என்ன செய்யணும்?”

“வராம இருக்கணும் சார். அதைக் கத்துக்கத்தான் ரெண்டு வருஷம் படிக்கச் சொல்றோம்.”

புங்க மரத்திலிருந்து ஓர் இலை பாறைமேல் விழுந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடேறினார்.