ஒன்றாம் குழாய், இரண்டாம் குழாய்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தடயவியல் ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்த தோழி சொன்னாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, பெயர்களையும் மாற்றித்தான் சொன்னாள். என் காதுக்கு வந்தபடியே எழுதுகிறேன்.

டிஎன்ஏ பிரிவின் தலைவி தில்லைநாயகிக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த தங்கப்பழத்துக்கு நாற்பத்து நாலு. பதினெட்டு வருஷம் விஷப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். தினமும் டீ நேரத்தில் ஒரு சந்தேகம் கேட்பார்.

அன்று அவர் டீயைத் தொடவேயில்லை.

"என்ன சார், டவுட்டெல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றார் தில்லைநாயகி.

"இருக்கு மேடம். ஆர்என்ஏவுல யுரேசில். டிஎன்ஏவுல அதே இடத்துல தைமின். ரெண்டும் அடினினோடதான் சேருது. மெத்தில்னு ஒரு சின்ன ஒட்டுதான் வித்தியாசம். அதை ஒட்ட வைக்க செல் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?"

தில்லைநாயகி ஒரு தாளை எடுத்தார். ஏ, ஜி, சி, யு என்று ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளையும் மாற்றி மாற்றி ஒரு வரி எழுதிக் காட்டினார். பிறகு கையால் மறைத்துக்கொண்டு, ஒரு சி-யை யு ஆக்கினார்.

"சி, அதாவது சைட்டோசின், தானாவே கெட்டு யு, அதாவது யுரேசில் ஆயிடும். தண்ணி பட்டாலே போதும். இதுல கெட்டது எது?"

வரியில் ஐந்து யு இருந்தன.

"தெரியல மேடம்."

இன்னொரு வரி எழுதினார். இந்த முறை ஒவ்வொரு யு-வுக்கும் தலையில் ஒரு புள்ளி வைத்தார். மறைத்துக்கொண்டு மறுபடி ஒரு சி-யைக் கெடுத்தார்.

"இப்ப?"

"இது. புள்ளி இல்ல."

"புள்ளிதான் மெத்தில். புள்ளி வச்ச யு-தான் தைமின். டிஎன்ஏவுல மொட்டை யு ஒண்ணு வந்தா, அது தப்புன்னு உடனே தெரியும். வெட்டிட்டு சி-யை வைக்கலாம்."

"புள்ளி வைக்காம விட்டா?"

"திருத்தறதுக்கு ஆள் இருக்கும். எதைத் திருத்தறதுன்னு தெரியாது."

தங்கப்பழம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், அந்த வேன் கேஸ்."

நெடுஞ்சாலையில் தீப்பிடித்த வேன். டிரைவர் சேவியர், லோடுமேன் முத்துக்கருப்பன். முகம் தெரியாமல் கருகிய இரண்டு உடல்கள். பற்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, முத்துக்கருப்பனின் தாயோடும் சேவியரின் மகனோடும் ஒப்பிட்டார்கள். முதல் உடல் முத்துக்கருப்பன் என்று அறிக்கை போயிற்று. அவர் வீட்டார் நேற்றே வாங்கிப்போய் எரித்துவிட்டார்கள். இரண்டாவது உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்ய, சேவியரின் மனைவி அமலோற்பவம் அமரர் ஊர்தியோடு கீழே பிணவறை வாசலில் காத்திருந்தார்.

"பல்லுத்தூள் குழாய்களை ரேக்கோட வாட்டர் பாத் வெந்நீர்த் தொட்டியில இருந்து எடுத்தேன். ஒண்ணாம் குழாயை இடப்பக்கம்தான் வச்சிருந்தேன், எடுக்கறப்ப ரெண்டாம் நம்பர் இடப்பக்கம் இருந்துச்சு, ஒண்ணாம் நம்பர் வலப்பக்கம். நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சு, ஸ்பிரிட்டால அழிச்சு மாத்தி எழுதினேன்."

"நோட்டுல?"

"எழுதல."

"தப்பை ஒரே கோடா அடிக்கணும். அடியில இருந்தது தெரியணும். பக்கத்துல கையெழுத்து, நேரம். முதல் நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ் மேடம். என்னைவிட எட்டு வயசு சின்னவங்க முன்னாடி நோட்டை நீட்டி, நம்பர்கூடப் போடத் தெரியலன்னு... திருத்திட்டோமே, போதும்னு விட்டுட்டேன்."

"திருத்தினது சரியா?"

"அதுதான் மேடம் தெரியல."

தில்லைநாயகி சத்தம் போடவில்லை. உடலை இன்று தர முடியாது என்று கீழே சொல்லி அனுப்பினார். பற்களில் பாதிப் பாதி மீதம் இருந்தது. அவரே அரைத்தார். குழாய்களில் எண் போடும் வேலையை மட்டும் தங்கப்பழத்திடம் கொடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை தில்லைநாயகி காத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. முதல் உடல்தான் சேவியர்.

அழித்த எண்களே சரியானவை. குழாய்கள் மாறவேயில்லை. வாட்டர் பாத்தில் இறக்கும்போது தங்கப்பழம் ரேக்கைத் திருப்பி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தில்லைநாயகி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது தங்கப்பழம் ஜன்னலோரம் நின்றிருந்தார். கீழே மறுபடியும் வந்திருந்த அமலோற்பவம் ஊர்தியின் நிழலில், மகனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், பிணவறையில இருக்கற உடம்பைக் குடுத்துட்டா அவங்க அடக்கம் பண்ணிடுவாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு உடம்பு கிடைச்ச மாதிரி ஆயிடும். அந்தம்மா கும்பிடறதுக்கு ஒரு கல்லறையாவது இருக்கும்."

தில்லைநாயகி போனை மேஜையில் வைத்தார்.

"எரிச்சாச்சு மேடம். இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?"

"முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போன் பண்ணேன்," என்றார் தில்லைநாயகி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அஸ்தியை நாளைக்குக் காலையிலதான் கரைக்கிறாங்களாம்."

தங்கப்பழம் அமலோற்பவத்திடம் சொல்லப் படியிறங்கினார்.

எழுதுவதற்கு முன் பாடநூலில் சரிபார்த்தேன். தில்லைநாயகி சொன்ன வேதியியல் சரிதான். ஆனால் சில சி-க்களில் முன்பே மெத்தில் ஒட்டியிருக்கிறது. அவை கெட்டால் யு ஆவதில்லை, நேராகத் தைமினாகவே ஆகிவிடுகின்றன; புள்ளியோடு இருப்பதால் தப்பென்று எளிதில் தெரிவதில்லை. நம் டிஎன்ஏவில் எழுத்து மாற்றங்கள் மிக அதிகமாகத் தங்கிவிடும் இடங்களில் அவையும் உண்டு.