பின்னங்கால் இல்லாத ஆறாவது சேர்

ஊரார் பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போன பிறகு, கொழுமாங்குட்டை பல் டாக்டர் திருமூர்த்திக்குச் சேர் சேகரிக்கும் கிறுக்குப் பிடித்தது. சாதாரணச் சேர் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் யாரோ மகானுபாவர்கள் இரும்புக் குழாயை வளைத்துச் செய்த சேர். ஒரே குழாய் தரையோடு ஓடி, முன்பக்கம் மேலே ஏறி, உட்காருமிடத்துக்கு வளைந்து, முதுகு வரை போகும். பின்னங்காலே கிடையாது. உட்கார்ந்தால் மெல்ல மேலும் கீழும் ஆடும். விழமாட்டோம் என்று நம்புவதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

அப்படி ஐந்து சேர்களை ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார். தினமும் துடைப்பார். யாரையும் உட்கார விடமாட்டார். அவர் மனைவி கலாமணி அம்மாள் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"ஏனுங்க, உக்காரக் கூடாத சேரு எதுக்குங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள படிச்சவங்க ஆராச்சும் வந்து, இது நல்ல பொருள்னு என்ற காதுல விழுகிற மாதிரி சொல்லோணும். இல்லீன்னா திங்கக்கெழமை பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன்."

சொன்னால் செய்கிற அம்மாள். குழாய்ச் சேர்களைப் பற்றிக் கரைத்துக் குடித்த சென்னைப் பேராசிரியர் எட்வினுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார் டாக்டர். அதிர்ஷ்டம் பாருங்கள், அதே செட்டில் ஆறாவது சேர் மலைமேல் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் கிடப்பதாகவும் தகவல் வந்தது. ஆறும் சேர்ந்து நின்றால் பேராசிரியர் பாராட்டாமல் போகமுடியாது. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டார் டாக்டர். எடுத்துவர ஆளைப் பிடித்ததில்தான் கோட்டை விட்டார்.

அவர் பிடித்தது வெள்ளியங்கிரி, மாகாளி, தொட்டப்பன் என்ற மூன்று பேரை. மூவரும் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். கஷ்டமே அதுதான்.

"சேர் மேல கை படக் கூடாது. முழுசா கொண்டு வரோணும்" என்றார் டாக்டர். வீட்டிலிருந்த ஐந்தையும் அவர்களுக்குக் காட்டவில்லை. மூச்சுக்காற்று பட்டால் பளபளப்பு மங்கிவிடுமாம்.

கிளப்புக் காவல்காரர் சேரைக் கொண்டுவந்து வைத்தார். மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்கள்.

"பின்னங்காலு ரெண்டும் இல்லீங்களே?" என்றான் மாகாளி.

"இது வரைக்கும் இப்படியேதான் நிக்குது" என்றார் காவல்காரர்.

"நிக்குதா? உக்காந்திருக்குதுங்க" என்றான் தொட்டப்பன். "உக்காந்திருக்கற ஒண்ணு மேல மனுசன் எப்படி உக்காருவான்?"

வெள்ளியங்கிரி தலைவன் என்பதால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான். "டாக்டரு முழுசான்னு சொல்லிட்டாரு. காலில்லாமப் போனா நம்மளைத் திருடன்னு சொல்லுவாரு. தேடுங்கடா."

மூவரும் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து பொழுது சாயும்வரை சேரின் கால்களைத் தேடினார்கள். அட்டைகள் கிடைத்தன. அவையாகவே வந்து ஒட்டிக்கொண்டதால் அதிகம் சிரமப்படவில்லை.

பிறகு காவல்காரரே தூக்கி மூவர் தலையிலும் சேரை வைத்துவிட, அப்படியே ஒரு காய்கறி லாரியில் ஏறி நின்றார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சேர் ஆடியது. மூன்று தலையும் கூடவே ஆடின. அடிவாரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையைக் கண்டதும் வெள்ளியங்கிரி லாரியை நிறுத்தச் சொன்னான். பட்டறைக்காரர் தொழிலில் கெட்டி. அதே கனத்தில் குழாய் வெட்டி, பின்னால் இரண்டு கால் வைத்து, தேய்த்து, பழசு எது புதுசு எது என்று தெரியாதபடி முடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேர் வந்து இறங்கியது. டாக்டர் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா! ஆரடா இதுக்குக் காலு வெச்சது?"

"நாங்கதானுங்க" என்றான் வெள்ளியங்கிரி பணிவோடு. "காலுக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டாமுங்க."

அழுவதற்குக்கூட டாக்டருக்கு நேரமில்லை. பேராசிரியரின் ரயில் வரும் நேரம். "புதுக் காலு ரெண்டையும் அறுத்து எடுங்க. மத்த அஞ்சோட வரிசையா வைங்க. வேற எதுவும் செஞ்சு தொலைக்காதீங்க" என்று அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மூவரும் ரம்பத்தை வைத்துக்கொண்டு சேர் முன்னால் உட்கார்ந்தார்கள். நான்கு காலும் ஒன்றுபோல மின்னின.

"இதுல புதுசு எது?" என்றான் தொட்டப்பன்.

மாகாளி தாடையைத் தடவினான். "கூட்டத்துல நடக்கறப்போ வயசானவங்க எங்க வருவாங்க?"

"பின்னாடி."

"சின்னவங்க?"

"முன்னாடி ஓடுவாங்க."

"அப்புறம் என்ன? பின்னாடி இருக்கறது பழசு. முன்னாடி இருக்கறது புதுசு. அறு."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளை தன் கோஷ்டியில் இருப்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. முன்னங்கால் இரண்டையும் சுத்தமாக அறுத்தார்கள். அடியில் தரையோடு ஓடிய குழாய் தாங்கியதால் சேர் விழவில்லை. ஆனால் வரிசையில் வைத்தபோது ஐந்துக்குப் பின்னங்கால் இல்லை. ஆறாவதுக்கு முன்னங்கால் இல்லை.

"எதோ ஒதைக்குது" என்றான் மாகாளி.

வெள்ளியங்கிரி பார்த்தான். சேரைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தான். கால்கள் எல்லாம் இப்போது ஒரே வரிசை.

பேராசிரியரோடு உள்ளே வந்த டாக்டர் ஆறாவது சேரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். நல்லவேளையாகப் பேராசிரியர், கலை என்று சொல்லி எதைக் காட்டினாலும் அசராதவர். ஒரு சேர் மட்டும் சுவரைப் பார்த்திருக்கிறது என்றால் அதற்கு ஆழமான காரணம் இருக்கும் என்று நினைத்தார். நேராகப் போய், முழங்கால் சுவரில் இடிக்க, அதில் உட்கார்ந்தார். சேர் மேலும் கீழும் ஆடியது.

கலாமணி அம்மாள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேராசிரியர் குனிந்து குழாயைத் தடவினார். ரம்பம் போன இடத்தில் விரல் நின்றது. அவர் முகம் போன போக்கைச் சுவர் மட்டும்தான் பார்த்தது.

"என் சர்வீஸ்ல," என்றார் தழுதழுத்த குரலில், "இப்படி ஒரு சேரை நான் எங்கயும் பார்த்ததில்ல."

அம்மாளுக்குத் தெரிந்தது முதுகும், விடாமல் ஆமாம் ஆமாம் என்று ஆடுகிற தலையும்தான். படித்த மனுஷர். குரலே உடைந்துபோகிற அளவுக்குப் பாராட்டுகிறார்.

"அப்படிங்களா!" என்று கையைப் பிரித்தார். "ஏனுங்க, இவ்வளவு நல்ல பொருளையா நான் எடைக்குப் போடப் பாத்தேன்? இருக்கட்டுமுங்க. ஆறும் இருக்கட்டும்."

டாக்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூவருக்கும் நன்றி சொல்லலாமா, உதைக்கலாமா என்றும் தெரியாமல் திரும்பிப் பார்த்தார். மூவரையும் காணோம்.

அப்போது சுவரில் டங்கென்று ஒரு சத்தம். பேராசிரியர் மூக்குக்கு நேரே காரை உதிர்ந்தது. ஒரு கடப்பாரை நுனி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டையில் வெள்ளியங்கிரியின் முகம் வியர்வையும் சுண்ணாம்புமாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் தெரு முழுக்க ஜனம்.

"இப்பப் பேசுங்கய்யா" என்றான். "செவுத்தைப் பாத்துப் பேசுனா ஆருக்குங்க கேக்கும்? கூட்டத்தை எல்லாம் இந்தப் பக்கமா உக்கார வெச்சுட்டமுங்க."