புஷ்பராக மோதிரம்

எலும்பு டாக்டர் மகுடபதிக்கு, எலும்பைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று நினைப்பு. மாவுக்கட்டுச் செய்முறைத் தேர்வில் தன் கையையே நீட்டினார்.

"ஐயாயிரம் ஆபரேஷன் பண்ணின கை! ஒரு குறையும் இல்லாம கட்டு. இல்லேன்னா ஃபெயில்!"

ஏற்கெனவே இரண்டு தடவை அவரிடம் ஃபெயிலானவள் மாணவி முத்துப்பேச்சி. இந்தத் தடவையும் போனால் படிப்பே போச்சு.

"முதல்ல மோதிரத்தைக் கழட்டுங்க, சார். கை வீங்கினா விரலுக்கு ஆபத்து."

"ஜோசியர் குடுத்த புஷ்பராகம்! இருபது வருஷமா ஒரு நிமிஷம்கூட இதைக் கழட்டினதில்ல. அப்படியே கட்டு!"

"அப்போ ஆபரேஷனுக்குக் கை கழுவுறப்பவும் கழட்டலையா, சார்?"

மகுடபதி மோதிரக் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த ஐயாயிரத்தையும் உண்மையில் செய்து முடித்த உதவி டாக்டர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முத்துப்பேச்சிக்கு முழு மார்க் போட்டுவிட்டு, சோப்பை எடுத்து மகுடபதி பக்கம் நகர்த்தினார்.