சமையலறையிலிருந்து தெரிந்த சீட்டு

மில் முதலாளி நஞ்சப்பன் கிளப்பில் போக்கர் ஆடினால் ஒரே கூத்துதான். கையில் இரண்டு ராஜா விழுந்து, அவர் ஆசையாகப் பந்தயத்தை ஏற்றினால், மற்ற நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

அன்று அவருக்குப் பொறுக்கவில்லை. காபி கொண்டுவந்த கிளப் சமையல்காரி ரங்காத்தாளைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னால நின்னு பாத்து இவங்களுக்குச் சாடை காட்டறவ நீதானே? இல்லைன்னு காட்டு. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறனுங்க. நீங்க ஆடுங்க."

சீட்டுப் போட்டார்கள். நஞ்சப்பன் "ஏத்தறேன்" என்றதுமே உள்ளிருந்து குரல் வந்தது.

"பெரிய சீட்டுங்க. ராஜாவோ ஆசோ இருக்கும்."

அவர் திருப்பினார். இரண்டு ஆஸ். மேசையே சிரித்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பெரிய சீட்டு வந்தாத்தான் ஏத்தறீங்க. இதுக்குச் சாடை எதுக்குங்க? அப்பப்ப ஆறு ஏழுக்கும் ஏத்துங்க. மேசையில அடுத்து விழற பொதுச் சீட்டோட அது வரிசையாச் சேர்ந்தாலும் சேரும். சேராட்டியும், உங்களுக்கு ராஜா வர்றப்ப எதிர்ல ஆளு இருப்பாங்க."

நஞ்சப்பன் யோசித்தார். அடுத்த ஆட்டத்தில் ஆர்ட்டின் ஆறையும் ஏழையும் வைத்துக்கொண்டு ஏற்றினார். நாலு பேரும் பயந்து ஒதுங்கியதும் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்திலும் ஏற்றினார். இந்த முறை ஒருவரும் ஒதுங்கவில்லை.

"ரங்காத்தா, இப்ப என் கையில என்ன?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"தெரியலீங்க."

நஞ்சப்பன் தன் இரண்டு ராஜாவையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நேரத்துல வந்துரு."