சுள்ளி எந்த ஓரத்தில் நிற்பது?

காட்டு நடுவில் இருந்த ஏரி, கோடை வந்ததும் வற்றி வற்றிக் கடைசியில் ஒரு குட்டையாக நின்றது. சுற்றிலும் வெடித்த மண் தரை. அந்தத் தரையில்தான் மேற்குக்கரை மிருகங்களும் கிழக்குக்கரை மிருகங்களும் ஆண்டுதோறும் கால்பந்து ஆடின.

ஜெயித்த கரை விடியற்காலையில் முதலில் இறங்கிக் குடிக்கலாம். தோற்ற கரை அதன் பிறகுதான் இறங்க வேண்டும். அதற்குள் குட்டை கலங்கிச் சேறாகிவிடும். மழை வரும்வரை இதுதான் ஏற்பாடு. ஆடுகளத்திலும் குட்டைக் கரையிலும் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது.

பந்தைத் தூக்கணாங்குருவிகள் புல்லால் பின்னிக் கொடுக்கும். அதனால் இன்னொரு விதியும் இருந்தது. கொம்பு உள்ளவர்கள் பந்தைத் தலையால் தொடக் கூடாது. தொட்டால் பந்து கிழிந்துவிடும்.

மேற்குக்கரையில் சுள்ளி என்றொரு சருகுமான் வாழ்ந்தது. முயல் அளவு உடம்பு. பெயருக்கு ஏற்ற குச்சிக் கால்கள். ஓடத் தொடங்கினால் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் அதற்கு இடது முன்னங்காலால் மட்டும்தான் பந்தை உதைக்க வரும். வலது முன்னங்கால் நிற்பதற்கு மட்டும்தான் உதவியது.

போன கோடையில் மேற்குக்கரை தோற்றது. சேற்றுத் தண்ணீர் குடித்த குட்டிகள் வயிறு கெட்டுச் சுருண்டன. சில பிழைக்கவே இல்லை. இந்தக் கோடையில் சுள்ளிக்கு ஒரு தங்கை பிறந்திருந்தது. தங்கையின் சின்ன வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் சுள்ளிக்கு ஆட்டத்தின் ஞாபகம் வந்துவிடும்.

பயிற்சி தொடங்கியது. உறுமி என்ற கரடிதான் மேற்குக்கரையின் தலைவர்.

"டேய் சுள்ளி! இடது கால்காரனுக்கு இடது ஓரம். போய் நில்லு!"

சுள்ளி இடது ஓரமாகப் பறந்தது. கடைசிவரை ஓடி, பந்தைத் தூக்கிக் கோலுக்கு முன்னால் அடித்தது. அங்கே நின்ற கீரியின் தலைக்கு மேலேயும் மந்தியின் தலைக்கு மேலேயும் பறந்து, பந்து புதருக்குள் விழுந்தது.

"யாருக்குடா அடிச்சே? காத்துக்கா?" என்று உறுமி கத்தியது.

"கோலுக்கு முன்னாடிதான் அண்ணே அடிச்சேன்."

"அங்கே யாரு இருக்கான்னு பார்த்தியா?"

சுள்ளி பார்க்கவில்லை. ஓடும்போது அது தன் காலைத்தான் பார்க்கும். அந்த ஒரு கால் தவறிவிட்டால் வேறு கால் இல்லையே!

மறுநாள் உறுமி அதை வலது ஓரத்துக்கு மாற்றியது. வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பினால் இடது கால் நேராகக் கோலைப் பார்க்கும். சுள்ளிக்கு இது பிடித்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே பாய்ந்தது. தொப்பென்று எதிலோ மோதி உருண்டது. அது உறுமியின் தொப்பை.

"நான் நிக்கிற இடத்துக்குள்ளே ஏன்டா வர்றே?"

"உள்ளே வந்தாத்தான் அண்ணே இடது காலாலே..."

"வராதேன்னா வராதே! ஓரத்துக்காரன் ஓரத்திலே நில்லு!"

ஓரத்தில் நின்றால் வலது காலால் உதைக்க வேண்டும். வலது கால் உதைக்காது. உள்ளே போனால் தொப்பை. சுள்ளிக்குத் தலை சுற்றியது.

மந்தி மரத்திலிருந்து இறங்கி வந்தது. "தம்பி, தப்பு இடத்திலே இல்லை, காலிலே இருக்கு. இடது காலைக் கட்டிப் போடு. வலது கால் தானாப் பழகிடும்."

சுள்ளி இடது காலை ஒரு கொடியால் மடக்கிக் கட்டிக்கொண்டு உதைக்கப் போனது. குப்புற விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது. விளையாட்டு காட்டுகிறான் அண்ணன் என்று நினைத்துத் தங்கை துள்ளித் துள்ளிச் சிரித்தது.

சேற்றில் கிடந்த நண்டு கண்களை நீட்டியது. "முன்னாலே ஓடுறதுதான் உன் தப்பு! பக்கவாட்டிலே ஓடிப் பாரு. நீ எந்தக் கால்காரன்னு ஒருத்தனுக்கும் தெரியாது!"

வழியில் போன சாரைப்பாம்பும் நின்றது. "எதுக்கு இவ்வளவு கவலை? எனக்குக் காலே இல்லை. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

சுள்ளி பக்கவாட்டிலும் ஓடிப் பார்த்தது. வயிற்றால் ஊர்ந்துகூடப் பார்த்தது. முள் குத்தியதுதான் மிச்சம். இடதா, வலதா, நடுவா? காலை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா? தண்ணீர் குடிக்கப் போன இடத்தில், எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவது என்று தெரியாமல் தாகத்தோடு நின்றது.

ஆட்ட நாள் வந்தது. அன்று காலையில் மந்தி கிளை முறிந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் உறுமி ஒரு கடமானைக் கூட்டி வந்தது. கடமானுக்குக் கோடையில் கொம்பு உதிரும். இதற்கும் இரண்டு கொம்பும் உதிர்ந்து, தலை மொட்டையாக இருந்தது. கூச்சத்தில் அது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"உனக்குக் காலாலே ஆடத் தெரியாது. கோலுக்கு முன்னாலே ஓரமா நில்லு. யாருக்கும் குறுக்கே வராதே, போதும்" என்றது உறுமி.

நடுவர் ஆமையார். தவறு நடந்த இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் தவறு செய்தவருக்கே அது மறந்துவிடும்.

"ஆடலாம்!" என்றார் ஆமையார்.

சுள்ளி இடது ஓரத்தில் நின்றது. எதிரே கிழக்குக்கரையின் செந்நாய். அது சுள்ளியை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தது.

"ஓ, ஒத்தைக் கால் தம்பியா? வா வா! கோட்டோரமா உனக்கு வழி கிடையாது. உள்பக்கம் தாராளமாப் போ. அங்கே வலது கால் வேணும். இருக்கா?"

சொன்னபடியே செந்நாய் கோட்டோர வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சுள்ளி உள்பக்கம் போனது. வலது காலால் உதைத்தது. பந்து உருண்டு நேராகக் கிழக்குக்கரைக் காட்டெருமையிடம் போனது. காட்டெருமை திருப்பி ஓர் உதை விட்டது. கோல்! கிழக்குக்கரை ஆரவாரம் செய்தது.

உறுமி சுள்ளியை வலது ஓரத்துக்குத் துரத்தியது. அங்கே உள்ளே திரும்பினால் காட்டெருமை ஒரு பக்கம், உறுமி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் சிக்கிச் சுள்ளி பந்தையும் இழந்து மூச்சையும் இழந்தது.

"திரும்ப இடது பக்கமே போ!" என்றது உறுமி. "இன்னொரு தரம் பந்தை விட்டே, வெளியே உட்கார வைச்சிடுவேன்!"

சுள்ளி இடது ஓரத்துக்குத் திரும்பியது. சூரியன் மருத மரத்து உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். அது இறங்கிக்கொண்டே இருந்தது. கோட்டுக்கு வெளியே தங்கை வாயைத் திறந்து மூடியபடி வெயிலில் நின்றது.

பந்து எங்கோ மறுபக்கம் இருந்தது. காலில் பந்து இல்லாததால் காலைப் பார்க்க ஒன்றுமில்லை. சுள்ளி அன்று முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தி ஆடுகளத்தைப் பார்த்தது.

கோலுக்கு முன்னால் கடமான் நின்றது. யாரும் அதன் பக்கத்தில் இல்லை. காவலுக்குக்கூட ஒருவரும் இல்லை.

"மாமா! ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்று சுள்ளி கத்தியது.

"பந்து வந்தாத்தானே? தரையிலே வர்றதை என்னாலே உதைக்க முடியாது. தலை உயரத்துக்கு யாரும் தர்றதில்லை. எங்களுக்குத்தான் தலை கூடாதே!"

"கொம்புக்குத்தானே மாமா கூடாது? உங்களுக்கு இப்போ கொம்பு எங்கே?"

கடமான் திகைத்தது. காலையிலிருந்து அது தன் மொட்டைத் தலையை நினைத்து வெட்கப்பட்டதே தவிர, அந்தத் தலைக்கு இப்போது விதி இல்லை என்று நினைக்கவில்லை. பழக்கத்தில் வேறு யாரும் நினைக்கவில்லை.

அதற்குள் பந்து சுள்ளியின் காலுக்கு வந்துவிட்டது. செந்நாய் மறுபடியும் கோட்டோர வழியை அடைத்தது.

"எங்கே தாண்டு பார்க்கலாம்!"

சுள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது. செந்நாயைத் தாண்டவே வேண்டாம்! பந்தை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும். நகர்த்தியது. நின்ற இடத்திலிருந்தே இடது காலால் தூக்கி அடித்தது. பந்து செந்நாயின் காதை உரசிக்கொண்டு உயர்ந்து போனது. கடமான் கழுத்தை நீட்டி முட்டியது.

கோல்!

"தப்பு! தப்பு! கடமான் தலையாலே தொட்டுட்டான்!" என்று செந்நாய் குதித்தது.

ஆமையார் மெதுவாக நடந்து வந்தார். கடமானின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பந்தையும் பார்த்தார். ஒரு புல்கூட அறுந்திருக்கவில்லை.

"கொம்பு இல்லை. கோல்தான்!"

சூரியன் மரத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. மறுபடியும் பந்து சுள்ளியிடம் வந்தது. "கடமானைப் பிடிங்கடா!" என்று செந்நாய் கத்தியபடி உள்ளே ஓடியது. காட்டெருமையும் ஓடியது. எல்லோரும் கடமானைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சுள்ளியின் தலை பழக்கத்தில் குனியப் பார்த்தது. சுள்ளி அதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தியது. கடமானைச் சுற்றி ஒரே கூட்டம். கூட்டத்துக்கு இப்பால் கீரி தனியாக வால் தூக்கி நின்றது. சுள்ளி பந்தைத் தூக்கவில்லை. தரையோடு உருட்டிவிட்டது. கீரி பாய்ந்து உள்ளே தள்ளியது.

இரண்டாவது கோல்! சூரியன் மருத மரத்தைத் தொட்டது.

மறுநாள் விடியலில் மேற்குக்கரை முதலில் இறங்கியது. குட்டையின் அடி மணல் தெளிவாகத் தெரிந்தது. தங்கை மூக்குவரை முக்கிக் குடித்தது. கரையில் மந்தி இடுப்பைத் தடவிக்கொண்டு கேட்டது:

"கடைசியிலே சொல்லு தம்பி. ஒத்தைக் கால்காரனுக்கு இடது ஓரம்தான் சரி, இல்லையா?"

"கோலுக்கு முன்னாலே கடமான் மாமா நின்னா இடது" என்றது சுள்ளி. "உறுமி அண்ணன் நடுவை விட்டு நகர்ந்தா, ஒருவேளை வலதாக்கூட இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும்."

"ஒண்ணும் புரியலையே!" என்றது மந்தி.

தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் இடம் தெரியாது. தன் பந்துக்காகக் காத்திருப்பவரை நிமிர்ந்து பார்ப்பவருக்கே அது தெரியும்.