நாவல் மரத்துச் சம்பந்தம்

மலைகளுக்குப் பெயர் வைக்க மனிதர்கள் யாரும் வந்திராத காலம் அது. அப்போது ஒரு மலையின் மேற்குச் சரிவில் நெடுவாலர் என்றொரு மலையணில் இருந்தார். அவர் குடியிருந்த நாவல் மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அவருடைய தலைக்கனம் அதைவிட ஒரு முழம் கூடுதல்.

மலையணில்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வந்தால், பையன் எப்படி என்று விசாரிக்க மாட்டார்கள். மரம் எவ்வளவு உயரம் என்றுதான் கேட்பார்கள். சிரிக்காதீர்கள், நாமும் என்னென்னவோ கேட்கிறோம்.

நெடுவாலரின் மகள் செவந்தியைப் பெண் கேட்டு வந்தான், கிழக்குச் சரிவில் இருந்த சடையன். செவந்திக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்கு அவள்தான் உயிர். ஆனால் அவனுடைய நாவல் மரமோ குட்டை.

"தம்பி, நீ குடியிருக்கிறது மரமா, புதரா?" என்று கேட்டார் நெடுவாலர். "எங்க மரம் மாதிரி கிடுகிடுன்னு வளர்ற ஒண்ணை வளத்துக் காட்டு. மூணு மழைக்காலம் தர்றேன். முடியலேன்னா, பள்ளத்துப் பலாமரத்துக்காரனுக்குத்தான் என் பொண்ணு."

பெருந்தன்மையாக ஒரு கொட்டையையும் பொறுக்கிக் கொடுத்தார். "எங்க வம்சத்து விதை. எங்க போட்டாலும் வானத்தைத் தொடும்."

சடையன் அதைக் கிழக்குச் சரிவில் ஊன்றினான். செவந்தி என்ன செய்தாள் தெரியுமா? சடையனின் குட்டை மரத்திலிருந்து ஒரு கொட்டையைக் கொண்டுவந்து, அப்பாவிடம் மூச்சுவிடாமல் மேற்குச் சரிவில் ஊன்றினாள்.

இந்த இடத்தில் சரிவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேற்குச் சரிவு மெதுவாக இறங்குவது. மழைமேகம் முதலில் வந்து முட்டுவதும் அங்கேதான். பெய்த தண்ணீர் ஊறும், விழுந்த இலை மக்கும், மண் ஆழமாகும். கிழக்குச் சரிவோ செங்குத்து. முகட்டைத் தாண்டி வருவதற்குள் மேகம் கையை விரித்துவிடும். பெய்கிற கொஞ்சமும் மண்ணை அரித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போய்விடும்.

சடையன் படாத பாடு பட்டான். முதல் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. வாயில் தண்ணீர் சுமந்து ஊற்றினான். இரண்டாம் மழைக்காலத்தில் மண் சரிந்தது. வாயில் மண் சுமந்து அணைத்தான். மூன்றாவதில் மழையே முகட்டோடு நின்றுவிட்டது. வாயில் சுமக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து அழுதான்.

கெடு முடிந்ததும் நெடுவாலர் மகளையும் அழைத்துக்கொண்டு பார்வையிட வந்தார்.

"இது என்ன தம்பி, செடியா, துடைப்பமா?"

"நீங்க குடுத்த விதைதான் மாமா."

"விதையைக் குத்தம் சொல்லாதே. வளத்த கை சரியில்லை!" என்று திரும்பி நடந்தார். சடையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

மேற்குச் சரிவில் செவந்தி ஒரு செடியின் முன் நின்றாள். மூன்றே மழைக்காலத்தில் அது அத்தனை உயரம் போயிருந்தது. நெடுவாலர் அதைத் தடவினார், முகர்ந்தார், சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாத்தியா தம்பி! இதுதான் வம்சம். எங்க ரத்தம்னு பாத்தாலே தெரியுதுல்ல?"

"அப்பா, அது அவரு மரத்துக் கொட்டை. நாந்தான் ஊனுனேன்" என்றாள் செவந்தி. "அங்க துடைப்பமா நிக்குதே, அதுதான் உங்க வம்சம்."

நெடுவாலர் செடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தன் வாலைப் பார்த்தார். உதவிக்கு எதுவும் வரவில்லை. பாவம், எவ்வளவு நேரம்தான் வாலையே பார்த்துக்கொண்டிருப்பது? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வளத்துக் காட்டுன்னுதான் சொன்னேன். எந்தப் பக்கம்னு நான் சொல்லலியே! அழுதது போதும், உள்ள வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்."

ஆகவே, ஒருவர் வளர்ந்ததையோ வளராததையோ அளக்கும் முன், அவருக்கு வாய்த்த சரிவு எது என்று பார்க்க வேண்டும்.